2029, முதல் சுற்று

டக் வான்டர்போலின் கராஜில்
பன்னிரண்டு மடக்கு நாற்காலிகள்.
ஒன்று மட்டும் உயரம் குறைவு. அது எனக்கு.
வெளியே டெ மோய்னின் மே மாத மழை.
உள்ளே புல்வெட்டும் இயந்திரத்தின் பெட்ரோல் வாசனையோடு
ஆறிப்போன பீட்சா.

இந்த லீக்கில் ஆண்டுதோறும் அணியைக் கலைப்பதில்லை.
எடுத்தவனை விற்கும்வரை அவன் உன்னுடையவன்,
கால் ஒடிந்தாலும், கோர்ட்டுக்குப் போனாலும்.
வம்சம் என்று பெயர் இதற்கு.
விவாகரத்தாகி டெலவேருக்குப் போன ஒருவன்
வீட்டில் பாதி கொடுத்தான், நாயை முழுசாகக் கொடுத்தான்,
இந்த அணியை யாருக்கும் எழுதிவைக்கவில்லை.
அப்படி விட்டுப்போனதை இவர்கள் அனாதை என்பார்கள்.
போன செப்டம்பரில் நான் தத்தெடுத்தேன்.
முதல் வேலையாகப் பெயரை மாற்றினேன்:
புலியடித்த முறம்.
டக்கின் வாயில் அது மூரம் என்று வரும்,
மருந்துக்கடையில் விற்கும் களிம்பு போல.

எனக்குத் தொழில் முழங்கால்.
வாரத்துக்கு நாற்பதாவது என் கையில் மடங்கி நிமிரும்.
இவர்கள் ஒருவன் எத்தனை நொடியில் ஓடினான் என்று பார்க்கிறார்கள்.
நான் வீடியோவை அதற்கப்புறமும் ஓடவிடுகிறேன்:
மூச்சு வாங்க நிற்கும்போது
எந்தக் காலில் பாரத்தைப் போடுகிறான்?
அதற்குக் கட்டம் இல்லை டக்கின் எக்செலில்.

விளையும் பயிர் முளையிலே தெரியுமாம்.
இங்கே சோளம் போடுகிறவர்கள் யாரும்
அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.
ஜூலை ஆலங்கட்டிக்கு
ஏப்ரலிலேயே இன்ஷூரன்ஸ் எடுக்கிறார்கள்.

நாலாவது அழைப்பு என்னுடையது. மூன்று நிமிடம்.
எல்லோரும் எதிர்பார்த்த பையனை விட்டுவிட்டு
கோரி லாண்ட்ரெல் என்றேன்.
யாரோ சிரித்தார்கள். ஸ்டிக்கர் ஒட்டும் சிறுமி
பெயரைத் தேடவே ஒரு நிமிடம் ஆயிற்று.

பிறகு ப்ரென்டிஸ் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்தான்.
பந்து பிடிக்கிற ஒருவனைத் தருகிறான், இருபத்து நாலு வயது,
கேட்டது என் 2029 முதல் சுற்றை மட்டும்.
"அதில் இன்னும் யாருமே இல்லையே" என்றான்.
சரி என்று அழுத்திவிட்டேன்.

இருபத்தைந்து இடம், இருபத்தேழு பேர்.
இரண்டு பேரை வெளியே அனுப்பு என்கிறது போன்.
பந்தை உதைக்கிறவனை அனுப்பினேன், வருத்தமில்லை.
அடுத்தது ராட்னி டேட் என்று எல்லோருக்கும் தெரியும்:
முப்பத்திரண்டு வயது, இடது காலில் இரண்டு அறுவை,
போன வருடம் முழுக்க எனக்குத் தந்தது பதினோரு புள்ளி.
அவன் தழும்பைப் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறேன்.
நல்ல தையல்.
வேறொருவனை அனுப்பினேன்.
"நீ ஆஸ்பத்திரி நடத்துகிறாய்" என்றான் டக்.
மூன்று வருடமாக முதல் இடத்தில் இருக்கிறவன்,
சொல்லலாம்.

திரும்பும்போது மணி பன்னிரண்டு.
இன்டர்ஸ்டேட்டில் என் கார், லாரி ஒன்று, மழை.
யாருமே இல்லை என்றானே.
இருக்கிறான்.
இப்போது பள்ளி முடிக்கிற வயது.
எங்கோ ஒரு ஊரில் கணக்கில் தோற்றுக்கொண்டு,
யாருடைய காரையோ கேட்காமல் எடுத்துக்கொண்டு,
இன்னும் கத்தி படாத முழங்காலோடு.
அவனைத்தான் விற்றேன்,
பெயர்கூடக் கேட்காமல்.

பசித்தது. பர்கர் கடை ஜன்னலில் நிறுத்தினேன்.
எட்டிக் கொடுத்த கை பெரிய கை.
தோள் ஜன்னலை அடைத்தது.
சில்லறை எடுக்க அவன் திரும்பியபோது
என் கண் தானாகக் கீழே போயிற்று:
வலது காலில்தான் பாரம்.
உனக்கு என்ன வயது என்று கேட்க வாயெடுத்தேன்.
கெச்சப் வேண்டுமா என்று
அவன் முந்திக்கொண்டான்.